பழங்கால மகிழுந்தின் மின்னேற்ற அமைப்பு

பழங்கால மகிழுந்தின் மின்னேற்ற அமைப்பு என்பது, இயந்திரம் ஓடும்போது மின்னாற்றலை ஆக்கி, விளக்குகள், தீப்பொறிச் சுற்று முதலியவற்றுக்கு வழங்குவதோடு, பேட்டரியில் செலவான மின்னேற்றத்தை ஈடுசெய்யும் கருவிகளின் தொகுப்பு ஆகும். இன்றைய மகிழுந்துகளில் இப்பணியை ஆல்டர்னேட்டர் எனப்படும் மாறுதிசை மின்னாக்கி செய்கிறது. ஏறத்தாழ 1960கள் வரை உருவான மகிழுந்துகளில் டைனமோ எனப்படும் நேர்திசை மின்னாக்கியே இதற்குப் பயன்பட்டது. டைனமோ, கட்-அவுட், ரெகுலேட்டர், பேட்டரி, இவற்றை இணைக்கும் கம்பிகள், எச்சரிக்கை விளக்கு ஆகியவை இவ்வமைப்பின் உறுப்புகள்.

இவ்வமைப்பின் ஒவ்வோர் உறுப்பையும் தனியே கழற்றவும், சோதிக்கவும், செப்பனிடவும் இயலும். ஆயினும் பழுது எங்கே உள்ளது என்று அறியாமல் உறுப்புகளை மாற்றுவதால், நல்ல நிலையிலுள்ள பழைய டைனமோக்கள் கழித்துக்கட்டப்படுவது உண்டு. ஆகவே, பழுதைக் கண்டறியும் வரிசைமுறை இத்துறையில் முதன்மை பெறுகிறது.

வரலாறு

1912ஆம் ஆண்டில் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம், சார்லசு கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கியைத் தன் மகிழுந்துகளில் பொருத்தியது. அதற்கு முன் இயந்திரம் கைப்பிடியால் சுழற்றித் தொடக்கப்பட்டது. முகப்பு விளக்குகள் பெரும்பாலும் அசெட்டிலீன் வளியால் எரிந்தன. மின் தொடக்கிக்குப் பேட்டரி தேவைப்பட்டது. அதை வண்டியிலேயே மின்னேற்ற டைனமோ தேவைப்பட்டது.

1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் பல வண்டிகளில் மூன்றாம் பிரசு வகை டைனமோ இருந்தது. இதில் மூன்றாவது கார்பன் பிரசை நகர்த்தி மின்னேற்ற அளவு கையால் வரையறுக்கப்பட்டது. 1928 முதல் 1931 வரை உருவான ஃபோர்டு ஏ வகை மகிழுந்து இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் மின்னமைப்பு 6 வோல்ட்டு கொண்டது. 1930களின் நடுவிலிருந்து பிரித்தானிய மகிழுந்துகளில் தானே அளவறிந்து கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பரவியது. சிலிக்கான் இருமுனையங்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின், 1960ஆம் ஆண்டு மாதிரியாக வந்த கிரைசுலர் நிறுவனத்தின் வேலியண்ட் மகிழுந்தில் ஆல்டர்னேட்டர் இடம்பெற்றது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் டைனமோ பெரும்பாலும் வழக்கொழிந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டு மோட்டார்த் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தம் நிறுவனத்தை ஏற்படுத்தினார். கோயம்புத்தூரைச் சேர்ந்த கோ. துரைசாமி நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1940களின் இறுதியில் சென்னையில் இசுடாண்டர்டு மோட்டார் நிறுவனம் உருவானது. 1961இல் அது இசுடாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தை வெளியிட்டது. அதே 1961இல், பிரித்தானியாவின் லூகாசு நிறுவனமும் டி.வி.எசு. குழுமமும் இணைந்து லூகாசு-டி.வி.எசு. நிறுவனத்தைத் தொடங்கின. சென்னை பாடியில் உள்ள அதன் தொழிற்சாலை, மகிழுந்துகளுக்கான மின் தொடக்கிகளையும் மின்னாக்கிகளையும் உற்பத்தி செய்தது. ஆகவே தமிழ்நாட்டில் காணப்படும் பழைய அம்பாசடர், ஹெரால்டு முதலிய வண்டிகளின் மின்னமைப்பு, லூகாசு முறையை ஒட்டியதாக இருப்பது இயல்பு.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டப் பகுதியின் பெரும்பங்கு, 1948 வரை தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமத்தானமாக இருந்தது. 1974 சனவரி 14 அன்று இம்மாவட்டம் உருவானது. இராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, ராங்கியம் முதலிய நகரத்தார் ஊர்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. பர்மா, மலாயா முதலிய நாடுகளில் தொழில் செய்த நகரத்தார் சிலர், அக்காலத்திலேயே வெளிநாட்டு மகிழுந்துகளை வாங்கினர். பழைய மகிழுந்துகளைப் பொதுமக்கள் ஒருங்கே காண்பதற்கு, கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் உதவுகிறது.

உறுப்புகளும் இயங்கும் முறையும்

டைனமோ: இயந்திரத்தின் சுழற்சி பெல்ட்டு வழியாக டைனமோவின் ஆர்மேச்சரைச் சுழற்றுகிறது. வெளிக்கூட்டில் உள்ள புலச்சுருள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலத்தில் சுழலும் ஆர்மேச்சரில் மாறுதிசை மின்னோட்டம் தோன்றுகிறது. செப்புத் துண்டுகளாலான திசைமாற்றியும், அதன்மேல் உராயும் இரு கார்பன் பிரசுகளும் அதனை நேர்திசையாக வெளியே தருகின்றன. தொடக்கத்தில் புலச்சுருளுக்கு வெளியிலிருந்து மின்னோட்டம் தேவையில்லை. இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிதளவு காந்தத்தன்மை முதலில் ஓரிரு வோல்ட்டை உண்டாக்க, அது புலச்சுருளுக்குச் சென்று புலத்தை வலுப்படுத்த, மின்னழுத்தம் படிப்படியாக உயர்கிறது. லூகாசு டைனமோவில் ‘டி’ என்னும் பெரிய முனை மின்னாக்கத்துக்கும், ‘எஃப்’ என்னும் சிறிய முனை புலச்சுருளுக்கும் உரியன. பரவலாக வழங்கிய சி40 வகை, மிகுதியாக 22 ஆம்பியர் தரவல்லது. அதன் புலச்சுருளின் மின்தடை சுமார் 6 ஓம் ஆகும்.

கட்-அவுட்: டைனமோவின் மின்னழுத்தம் பேட்டரியினதைவிடக் குறைந்திருக்கும்போது, மின்னோட்டம் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குத் திரும்பிப் பாயும். இதைத் தடுப்பது கட்-அவுட். இது மின்காந்தத்தால் மூடித் திறக்கும் ஓர் ஆளி. லூகாசு ஆர்பி 106 வகையில் இது 12.7 முதல் 13.3 வோல்ட்டுக்குள் மூடுகிறது. 3 முதல் 5 ஆம்பியர் வரை எதிர்த்திசையில் பாயும்போது திறக்கிறது.

ரெகுலேட்டர்: டைனமோவின் வேகம் கூடக்கூட மின்னழுத்தமும் கூடும். அது வரம்பை அடையும்போது ரெகுலேட்டரின் தொடுமுனை திறந்து, புலச்சுருளுடன் ஒரு மின்தடையைத் தொடரிணைப்பில் சேர்க்கிறது. புலம் தளர்ந்து மின்னழுத்தம் இறங்கியதும் தொடுமுனை மீண்டும் மூடுகிறது. நொடிக்குப் பலமுறை நிகழும் இவ்வதிர்வால் மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்கிறது. பிரித்தானிய வண்டிகளில் கட்-அவுட்டும் ரெகுலேட்டரும் ஒரே பெட்டியில் அமைந்துள்ளன. அப்பெட்டியில் ஏ, ஏ1, எஃப், டி, ஈ என ஐந்து முனைகள் உள்ளன.

எச்சரிக்கை விளக்கு: சிவப்பு விளக்கின் ஒருமுனை சாவி வழியாகப் பேட்டரியுடனும், மறுமுனை டைனமோவின் ‘டி’ முனையுடனும் இணைகிறது. இரு பக்கத்து மின்னழுத்தமும் சமமானால் விளக்கு அணையும். எனவே அது அணைவது, டைனமோ மின்னழுத்தம் தருகிறது என்பதை மட்டுமே காட்டும். பேட்டரி தேவையான அளவு மின்னேற்றம் பெறுகிறது என்பதற்கு உறுதி ஆகாது.

பேட்டரி: இது ஈய-அமில வகையைச் சார்ந்தது. முழுமையாக ஏறிய 12 வோல்ட்டு பேட்டரி, சில மணிநேரம் ஓய்விலிருந்தபின் சுமார் 12.6 வோல்ட்டு காட்டும். புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள காரைக்குடியில், 1953இல் திறக்கப்பட்ட நடுவண் மின்வேதியியல் ஆய்வகம், பேட்டரிகளின் வேதியியலை ஆராயும் நிறுவனங்களுள் ஒன்று. அந்நிறுவனத்துக்கு நிலமும் பொருளும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

வரவும் செலவும்

டைனமோ பழுதானதாகக் கருதப்படும் நேர்வுகளுள் சில, உண்மையில் பழுதே அல்ல. இயந்திரம் வண்டியை நகர்த்தாமல் மெல்ல ஓடும்போது, டைனமோவால் பேட்டரியின் மின்னழுத்தத்தை எட்ட இயலாது. கட்-அவுட் திறந்தே இருக்கும். அப்போது எல்லா மின்தேவையையும் பேட்டரியே தாங்குகிறது.

இரவில் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் செல்லும் பழைய மகிழுந்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 45 வாட்டு முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும். 6 வாட்டு சிறு விளக்குகள் நான்கும் 2 ஆம்பியர் எடுக்கும். தீப்பொறிச் சுற்றுக்குச் சுமார் 3.5 ஆம்பியர் தேவை. ஆக மொத்தம் 13 ஆம்பியர். நடைவேகத்தில் அரை மணிநேரம் சென்றால் 6.5 ஆம்பியர்-மணி செலவாகும். 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது எட்டில் ஒரு பங்கு ஆகும். அடுத்தடுத்து நான்கைந்து ஊர்வலங்கள் சென்று, இடையே நெடுந்தொலைவு ஓடவில்லை எனில், மின் தொடக்கி சுழலாது.

அதே வண்டி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சென்றால் நிலைமை மாறும். டைனமோ தரவல்ல 22 ஆம்பியரில் 13 போக, 9 ஆம்பியர் வரை பேட்டரிக்கு எஞ்சும். ஊர்வலத்தில் செலவான 6.5 ஆம்பியர்-மணியை, இழப்புகளையும் கணக்கில் கொண்டு, ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் ஈடுசெய்யலாம். இது புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்ல ஆகும் நேரத்தை ஒத்தது. அண்மை ஊர்களுக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு, வெளியிலிருந்து மின்னேற்றும் கருவியை மாதம் ஓரிருமுறை இணைப்பதே போதிய தீர்வாகும்.

பழுதைக் கண்டறியும் வரிசை

கீழ்க்காணும் வரிசை, எளிய சோதனையிலிருந்து கடினமானதற்குச் செல்கிறது. ஒரு வோல்ட்டுமானியும் சிறு கம்பித் துண்டும் இதற்குப் போதும்.

முதலாவதாக, பெல்ட்டைப் பார்க்கவேண்டும். இரு கப்பிகளுக்கு இடையே நடுப்பகுதியை விரலால் அழுத்தினால், ஏறத்தாழ 13 மி.மீ. இறங்கவேண்டும். மிகத் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் டைனமோவின் பேரிங்கு தேயும்.

இரண்டாவதாக, பேட்டரியின் முனைகளையும் மண்ணிணைப்புக் கம்பியையும் கழற்றித் துப்புரவு செய்யவேண்டும். வண்ணம் பூசிய உடற்கூட்டின்மேல் முடுக்கிய மண்ணிணைப்பு, பழுதுக்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று.

மூன்றாவதாக, டைனமோவைத் தனியே சோதிக்கவேண்டும். ‘டி’, ‘எஃப்’ முனைகளிலுள்ள இரு கம்பிகளையும் கழற்றி, அம்முனைகளைக் குறுங்கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும். அவ்விணைப்புக்கும் டைனமோவின் கூட்டுக்கும் இடையே வோல்ட்டுமானியை வைத்து, இயந்திரத்தின் வேகத்தை நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்றுவரை மெதுவாக உயர்த்தவேண்டும். மின்னழுத்தம் தடுமாற்றமின்றி விரைந்து உயர்ந்தால் டைனமோ நன்றாக உள்ளது. அது 20 வோல்ட்டைத் தாண்ட விடலாகாது. அளவீடு எதுவும் இல்லையெனில் கார்பன் பிரசுகளில் குறை இருக்கலாம். அரை முதல் ஒரு வோல்ட்டு மட்டும் காட்டினால் புலச்சுருளையும், 4 அல்லது 5 வோல்ட்டு காட்டினால் ஆர்மேச்சர்ச் சுருளையும் ஐயுறவேண்டும்.

நான்காவதாக, டைனமோ நன்றாக இருப்பின், கழற்றிய கம்பிகளை அதனுடன் மீண்டும் இணைத்து, அவற்றின் மறுமுனைகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து விடுவித்து, அங்கே இதே சோதனையைச் செய்யவேண்டும். அளவு குறைந்தால் பழுது கம்பியில் உள்ளது.

ஐந்தாவதாகவே கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவேண்டும். ஏ, ஏ1 முனைகளின் கம்பிகளைக் கழற்றி, அவற்றை ஒன்றாக இணைத்துக்கொண்டு, ‘டி’, ‘ஈ’ முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கவேண்டும். வேகம் உயரும்போது அளவு ஓரிடத்தில் நிலைபெறும். ஆர்பி 106 வகைக்கு, 20 பாகை செல்சியசில் 16.0 முதல் 16.6 வோல்ட்டும், 40 பாகையில் 15.8 முதல் 16.4 வோல்ட்டும் உரிய அளவுகள். இவை பேட்டரி இணையாத நிலைக்கு உரியவை; பேட்டரி இணைந்தபின் அளவு இதனினும் தாழ்ந்திருக்கும். இச்சோதனையை 30 நொடிக்குள் முடிக்கவேண்டும். சுருள் சூடேறினால் அளவு பிழைபடும்.

எச்சரிக்கை விளக்கும் சில குறிப்புகளைத் தருகிறது. சாவியைத் திருப்பியும் விளக்கு எரியாவிட்டால், குமிழ் பழுதாகியிருக்கலாம். அல்லது கட்-அவுட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வேகம் கூடியும் முழு ஒளியுடன் எரிந்தால் டைனமோ மின்னாக்கவில்லை. வேகம் கூடும்போது மங்கலாக எரிந்தால், கட்-அவுட்டின் தொடுமுனைகள் அழுக்கேறியுள்ளன எனக் கொள்ளலாம்.

செப்பனிடுதல்

திசைமாற்றியின் மேற்பரப்பு கருத்திருந்தால், பெட்ரோல் தோய்த்த துணியால் துடைத்து, மெல்லிய கண்ணாடித்தாளால் தேய்க்கலாம். பள்ளம் விழுந்திருந்தால் கடைசல் இயந்திரத்தில் கடைந்து சமன்செய்யவேண்டும். அதன்பின், செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள மைக்காவைச் சுமார் 0.8 மி.மீ. ஆழத்துக்குச் செதுக்கவேண்டும்; இல்லையெனில் பிரசு துள்ளித் தீப்பொறி எழும். புதுப் பிரசைத் திசைமாற்றியின் வளைவுக்குப் பொருந்துமாறு தேய்த்தே பொருத்தவேண்டும்.

டைனமோவின் பின்முனையில் உள்ள வெண்கலப் புசு, நுண்துளைகளில் எண்ணெயைத் தேக்கி வைப்பது. புதியதைப் பொருத்துமுன் எஸ்.ஏ.இ. 30 எண்ணெயில் 24 மணிநேரம் ஊறவைக்கவேண்டும். அது தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து புலமுனைகளில் உரசும். பின்முனை எண்ணெய்த்துளையில் அவ்வப்போது விடும் சில துளி எண்ணெய் இப்பழுதைப் பல ஆண்டுகளுக்குத் தள்ளிவைக்கும்.

எரிந்துபோன சுருளை மீண்டும் சுற்றலாம். வேளாண் நீரேற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறைகள் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் உண்டு. அங்குப் பணிபுரிவோர்க்குப் பழைய சுருளின் சுற்று எண்ணிக்கை, கம்பித் தடிமன், முனைகளின் வரிசை ஆகியவை தெரிந்தால் போதும். ஆகவே பழைய சுருளைப் பிரிக்கும்முன் இவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

கட்டுப்பாட்டுப் பெட்டியில், ரெகுலேட்டரின் தொடுமுனைகளை மெல்லிய சாணைக்கல்லாலும், கட்-அவுட்டின் மென்மையான தொடுமுனைகளை மெல்லிய கண்ணாடித்தாளாலும் மட்டுமே தேய்க்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே தாளைப் பயன்படுத்துவது தவறு.

முனைவாக்கம்

1930களின் நடுவிலிருந்து 1960களின் நடுவரை உருவான பிரித்தானிய மகிழுந்துகள் பலவற்றில், பேட்டரியின் நேர்முனை உடற்கூட்டுடன் இணைக்கப்பட்டது. இன்றைய வண்டிகளில் எதிர்முனையே அவ்வாறு இணைகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் பேட்டரியை மாற்றிப் பொருத்துவது பெருங்கேட்டை விளைவிக்கும். டைனமோவின் முனைவு, அதன் இரும்பில் எஞ்சிய காந்தத்தின் திசையைப் பொறுத்தது. பேட்டரி மாறி இணைந்திருக்க, டைனமோ பழைய திசையிலேயே மின்னாக்கினால், கட்-அவுட் மூடும் கணத்தில் இரண்டின் மின்னழுத்தமும் கூடி, தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

செப்பனிட்ட டைனமோவையும் நெடுநாள் ஓடாத டைனமோவையும் பொருத்தும்போது, காந்தத் திசையை நிலைநாட்டவேண்டும். லூகாசு வகையில், டைனமோவின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் உடற்கூட்டுடன் இணையாத முனையிலிருந்து வரும் கம்பியால் ‘எஃப்’ முனையைச் சில நொடிகள் தொட்டு எடுத்தால் போதும். அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் புலச்சுருளின் இணைப்பு வேறானது. அவற்றுக்கு இம்முறை பொருந்தாது. எனவே உரிய வண்டியின் கையேட்டைப் பார்த்தே செய்யவேண்டும்.

தட்பவெப்பத்தின் தாக்கம்

வெப்பம் மிகுந்த பகுதிகளில் பேட்டரியின் நீர் விரைந்து ஆவியாகும். அமிலம் தகடுகளை மிகுதியாக அரிக்கும். ஆகவே பழைய பிரித்தானியக் கையேடுகள், முழு மின்னேற்றத்தின்போது அமிலத்தின் ஒப்படர்த்தி குளிர்நாடுகளில் 1.270 முதல் 1.290 ஆகவும், வெப்பநாடுகளில் 1.210 முதல் 1.230 ஆகவும் இருக்கவேண்டும் எனக் கூறின. இங்கு 1.220 காட்டும் பேட்டரி, குறைவாக ஏறியது என்று தவறாகக் கருதப்படலாம். பேட்டரியின்மேல் உற்பத்தியாளர் குறித்துள்ள அளவே ஏற்கத்தக்கது. காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறு நீரை ஊற்றலாகாது.

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய கடலோர ஊர்களில் உப்புக்காற்று செப்பு முனைகளை அரிக்கும். துப்புரவு செய்து முடுக்கிய முனைகளின்மேல் வாசலின் பூசுவது இதனைத் தணிக்கும்.

ஆல்டர்னேட்டராக மாற்றுதல்

டைனமோவுக்கு மாற்றாக ஆல்டர்னேட்டரைப் பொருத்துவோரும் உள்ளனர். அது மெதுவான ஓட்டத்திலும் மின்னேற்றும், எடை குறைந்தது, திசைமாற்றி இல்லாததால் தேய்மானமும் குறைவு. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு இது நன்மையே. ஆயினும் பெரும்பாலான ஆல்டர்னேட்டர்கள் எதிர்முனை உடற்கூட்டு இணைப்புக்கே உரியவை. நேர்முனை இணைப்புள்ள வண்டியில் அப்படியே பொருத்தினால் அவற்றின் இருமுனையங்கள் எரிந்துபோகும். 22 ஆம்பியருக்கு அமைந்த பழைய கம்பிகளும் ஆம்பியர்மானியும், 35 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைத் தாங்கா. எனவே தடித்த புதுக் கம்பி இழுக்கவேண்டும்.

2021 சூலையில் இந்திய ஒன்றிய அரசு பழங்கால வண்டிகளின் பதிவுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூலவடிவில் பேணப்படும், பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதில் அடங்கும். இவற்றின் பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். மூலவடிவைப் பேணுவது இவ்வாறு மதிப்புப் பெறும் நிலையில், டைனமோவைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவதே அதற்கு இசைவானது. மாற்றியே ஆகவேண்டுமெனில், பழைய டைனமோவையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் எறிந்துவிடாமல் வண்டியுடன் காத்து வைப்பது நலம். அவ்வாறு செய்தால், பின்னர் வருவோர் வண்டியை முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர இயலும்.

பாதுகாப்பு

• மின்னேறும் பேட்டரியிலிருந்து ஐதரசன் வெளிப்படும். அருகில் தீப்பொறியோ சுடரோ கூடாது.
• கம்பிகளைக் கழற்றும்போது, உடற்கூட்டுடன் இணைந்த பேட்டரி முனையை முதலில் கழற்றவேண்டும். பொருத்தும்போது அதையே இறுதியில் பொருத்தவேண்டும்.
• இயந்திரத்தை நிறுத்தியபின்னும் டைனமோ சூடாகிக்கொண்டே இருந்தாலோ, ஆம்பியர்மானி பெரும் செலவைக் காட்டினாலோ, கட்-அவுட் ஒட்டியுள்ளது எனக் கொண்டு உடனே பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கவேண்டும். தாமதித்தால் கம்பிகள் எரிந்து வண்டியே தீப்பற்றக்கூடும்.
• மூன்றாம் பிரசு வகை டைனமோவைப் பேட்டரி இன்றி ஓட்டலாகாது. மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்து விளக்குகளும் புலச்சுருளும் எரிந்துபோகும்.
• நெடுநாள் நிறுத்திவைக்கும் வண்டியில் பேட்டரியைத் துண்டிக்கும் ஆளி ஒன்றைப் பொருத்துவது, மேற்கூறிய இடர்களிலிருந்து காக்கும்.